நாற்பது சதவீதம்

தீர்ப்பின் நகலுக்கு நானே மனுப் போட்டு வாங்கினேன்.
பதினோரு பக்கம். ஏழாவதில் என் பெயர்:
மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சி, நஞ்சுண்டன்,
ஜவுளி வியாபாரம், பழையபேட்டை, கிருஷ்ணகிரி.
‘இவரது சாட்சியம் இயல்பாகவும்
நம்பத்தக்கதாகவும் உள்ளது.’

அன்று காவேரிப்பட்டணம் சந்தை.
கோழி கூவுமுன் ஜட்கா கிளம்பிவிட்டது.
முன்னால் கவுஸ் பாய். அவருக்கும் முன்னால் சாந்தினி,
நெற்றியில் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் செம்மண்.
பின்னால் நானும் ஆறு கட்டு வேட்டியும்.
அரிக்கேனை அவர்தான் பின்பலகை ஆணியில் மாட்டினார்.
மாட்டுமுன் தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார்.
‘காலு படாம, செட்டியாரே’ என்றார்.

கால் படவில்லை.
வண்டி குலுங்கக் குலுங்கப் புகை உள்ளே திரும்பியது.
வெளுத்த வேட்டியில் மண்ணெண்ணெய் ஏறினால்
சந்தையில் முகர்ந்து பார்த்துக்
கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.
அவதானப்பட்டி ஏரி தாண்டியதும் கைநீட்டி எடுத்தேன்,
ஊதி அணைத்தேன்,
கட்டுகளுக்கு நடுவில் சொருகி வைத்தேன்.
ஒரு கொட்டாவி விடும் நேரம்.
பாய் திரும்பவில்லை.
குதிரையோடு ஏதோ உருதுவில் பேசிக்கொண்டு வந்தார்.

ஓசூரில் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி அது.

நான் வேட்டிகளின் மேல் விழுந்தேன்.
பாயின் இடது கால்
ஏர்க்காலுக்கும் தார்ச்சாலைக்கும் இடையில்.
சாந்தினி மூன்று முறை எழப் பார்த்தது.
விடிந்தபோது அதையும் விட்டுவிட்டது.

மகஜரில் எழுதினார்கள்:
டயர் தேய்ந்த தடம், நாற்பத்தொரு அடி.
சக்கரம் ஒன்று, உடைந்தது. லாடம் ஒன்று, கழன்றது.
அரிக்கேன் விளக்கு ஒன்று,
உடையாதது, எரியாதது, வண்டிக்குள் கிடந்தது.

இன்சூரன்ஸ் வக்கீல் அதட்டாமல்தான் கேட்டார்.
‘மோதியபோது வண்டிக்குப் பின்னால் விளக்கு எரிந்ததா?’
‘இல்லை.’
‘அவ்வளவுதான்’ என்று உட்கார்ந்துகொண்டார்.
ஏன் எரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.
பாயின் வக்கீல் வேறு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
கூண்டிலிருந்து இறங்க மூன்று படி.
கடைசிப் படியில் கொஞ்சம் நின்றேன்.
டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டான்.

வேகமாக வந்த லாரிக்கு அறுபது.
விளக்கில்லாமல் போன வண்டிக்கு நாற்பது.
காலுக்கு, வலிக்கு, இனி வராத வரும்படிக்கு என்று
கூட்டி எழுதிய நாற்பத்தையாயிரத்தில்
பதினெட்டாயிரம் கழிந்தது.
குதிரைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
அதிலும் நாற்பது கழித்தார்கள்.
சாந்தினிக்கு எந்த விளக்கை ஏற்றத் தெரியும்?

தூக்கம் பிடிக்காத இரவுகளில்
பதினெட்டாயிரத்தை வேட்டியாக்கி அடுக்கிப் பார்ப்பேன்.
சன்னல் மறையும்வரை அடுக்குவேன்,
அதற்குமேல் கணக்கு விட்டுப்போகும்.
ரம்ஜானுக்குக் கைலி கொடுத்தனுப்பினால்
விலை விசாரித்துப் பையனிடம் பணம் அனுப்பிவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை பஞ்சர் கடை வாசலில் பார்த்தேன்.
கட்டையை மடியில் சாய்த்துக்கொண்டு
எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
‘செட்டியாரே, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.
அன்னைக்கு வெளக்க நான் மாட்டவே இல்ல போல.
சாந்தினிக்குக் கொள்ளு வச்ச அவசரத்துல
மறந்திருப்பேன்.
கண்ணாடி தொடச்ச மாதிரியே இருக்குது,
அது முந்தின நாளோ என்னமோ.
நீங்க உள்ளதத்தான சொன்னீங்க.’

லாரி ஒன்று போனது. அது போய் முடியட்டும் என்று
காத்திருப்பவன்போல் இருந்தேன்.
அடுத்ததும் வந்தது.

டீக்கு நான் காசு எடுத்தேன்.
அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.
ஆளுக்குப் பாதி என்றார்.